கன்மாரிக்கு ஒரு குடை

லேபாட்சி நந்தியைப் பார்த்துவிட்டு பெங்களூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணி. பாகேபள்ளியைத் தாண்டியதும் தெற்கே வானம் மைக்கூடு கவிழ்ந்த மாதிரி கறுத்தது. வண்டியை ஓட்டியவன் என் சித்தி மகன். வண்டி அவனுடைய கேரவன்: படுக்கை, அடுப்பு, கழிப்பறை, கூரைமேல் சோலார் பலகை எல்லாம் உள்ள நாலு சக்கர வீடு. வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. "நல்ல மழை வரும்போலிருக்குண்ணா. வண்டிக்குக் குளியல் மிச்சம்" என்றான்.

முதலில் பெரிய துளிகள் விழுந்தன. பிறகு கூரையில் யாரோ கொட்டைப் பாக்கை அள்ளி எறிவதுபோல் ஒரு சத்தம். பின்னிருக்கையில் இருந்த அவன் மகள், "பெரியப்பா, யாரு கல்லடிக்கிறாங்க?" என்று கேட்டாள். அதற்குள் பாக்கு எலுமிச்சம் பழமாகிவிட்டது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. முன்னால் சர்வீஸ் ரோட்டில், பாலத்துக்கு அடியில் தாழ்ந்து இறங்கும் ஒரு பாதையில் பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கி நின்றன. "அங்கே விட்டுடலாமாண்ணா?" என்று கத்தினான் தம்பி. "வேண்டாம்டா, போ" என்று நானும் கத்தினேன். ஏன் வேண்டாம் என்று சொல்ல அப்போது நேரமில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க்கின் உயரமான கூரைக்கு அடியில் போய் நின்றோம். எல்லாம் மூன்றே நிமிடம். அதற்குள் கூரையின் காற்றுப்போக்கிக்கு மேலிருந்த பிளாஸ்டிக் மூடி உடைந்து, படுக்கையில் ஆலங்கட்டிகள் கிடந்தன. சோலார் பலகை ஒன்று சிலந்திவலையாகியிருந்தது.

தமிழ் வாசகனுக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளம்தான் நினைவுக்கு வரும். கதாநாயகி ஒப்பனை போட்டுக்கொள்ளும் வண்டி. பாரசீகத்திலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு முதலில் வணிகர் கூட்டம் என்று பொருள். அதற்குத் தமிழில் 'சாத்து' என்ற பழைய சொல் உண்டு. கோவலனின் தந்தை மாசாத்துவான், பெயரளவில் பார்த்தால் பெரிய கேரவன் முதலாளி. இன்று பெங்களூரிலிருந்து கூர்க்குக்கும் ஹம்பிக்கும் வாடகைக் கேரவன்கள் போகின்றன. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. டெம்போ டிராவலரை வாங்கி, உள்ளே கட்டிலும் அலமாரியும் அடித்து, வார விடுமுறைக்குக் கிளம்பிவிடுகிற மென்பொருள்காரர்களும் இருக்கிறார்கள். வெயிலுக்கு ஏசி உண்டு, கொசுவுக்கு வலை உண்டு. ஆனால் கல்மழையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெங்களூரில் இருப்பவர்கள் சேர்த்துத்தான் ஆகவேண்டும். இந்த ஊருக்கு ஆலங்கட்டி புதிய விருந்தாளி அல்ல. கன்னடத்தில் 'ஆலிகல்லு' என்கிறார்கள். சங்கப் பாடல்களில் வரும் 'ஆலி'யைத் தமிழர்கள் அன்றாடப் பேச்சில் கைவிட்டுவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் பத்திரமாக வைத்திருக்கிறார். மலையாளியும் வைத்திருக்கிறார், இன்னும் அழகாக: ஆலிப்பழம். வானத்திலிருந்து விழும் பழம்! தெலுங்கில் வடகள்ளு. இந்தியில் ஓலா, ஆனால் பெங்களூர்த் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொன்னால் வருவது வாடகைக் கார்தான். மொட்டையடித்துக்கொண்ட அன்றே ஆலங்கட்டி விழுந்ததாம் என்று இந்தியில் ஒரு பழமொழி வழக்கில் உண்டு. புது வண்டி வாங்கியவனுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

சென்னையில் அபூர்வமாக விழுவது பெங்களூரில் ஏன் அடிக்கடி விழுகிறது? மார்ச் நடுவிலிருந்து மே முடிய, பகல் முழுக்கக் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று வேகமாக மேலெழுகிறது. பிற்பகலில் அது 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு இடிமேகமாக வளர்கிறது. சுமார் 5 கிலோமீட்டருக்கு மேல் எல்லாமே உறைநிலைக்குக் கீழே. அங்கே உறையாமல் திரவமாகவே மிதக்கும் நீர்த்துளிகள் ஒரு பனிக்கருவின்மேல் பட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்கின்றன. மேலெழும் காற்று தாங்குகிற வரை கல் வளர்கிறது, தாங்காதபோது விழுகிறது. விழும் வழியில் கரையவும் செய்கிறது. கடல் மட்டத்தில் இருக்கும் சென்னைக்கு வருவதற்குள் பெரும்பாலும் தண்ணீராகிவிடும் கல், 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருக்குக் கல்லாகவே வந்து சேர வாய்ப்பு அதிகம்.

கல்லின் கணக்கு விசித்திரமானது. குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். வேகமும் கூடுவதால் மோதும் சக்தி சுமார் பதினாறு மடங்காகும். பட்டாணி அளவுக் கல் வண்டியில் கீறல்கூடப் போடாது. ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றே முக்கால் அங்குலம் வரையுள்ள கல் மணிக்கு 40 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. சோலார் பலகைகளுக்கான சர்வதேசத் தரச் சோதனையில் 25 மில்லிமீட்டர் பனி உருண்டையை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் எறிந்து பார்க்கிறார்கள். அதில் தேறிய பலகையைத்தான் தம்பியும் வாங்கியிருந்தான். அன்று விழுந்தது எலுமிச்சம் பழம். பரீட்சையில் கேட்காத கேள்வி.

உலகின் பெரிய கல்மழைகளைப் பார்த்தால் நமக்கு நேர்ந்தது சில்லறைச் சேதம். 1984 ஜூலை 12-ம் தேதி ஜெர்மனியின் மியூனிக் நகரில் பெய்த கல்மழையில் சுமார் 2 லட்சம் கார்கள் சேதமடைந்தன. 1999 ஏப்ரல் 14-ல் சிட்னியில் பெய்ததற்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொடுத்த தொகை 170 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2025 ஏப்ரல் 16-ல் இஸ்லாமாபாதில் தெருவில் நின்ற கார்களின் கண்ணாடிகளும் மாடிகளில் இருந்த சோலார் பலகைகளும் நொறுங்கின. அதே ஆண்டு மே 21-ல் டில்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற இண்டிகோ விமானம் கல்மழையில் சிக்கி, உடைந்த மூக்குடன் தரையிறங்கியது, பயணிகள் தப்பினார்கள். ஆனால் உயிர்ச்சேதத்தில் உலகக் கணக்கின் முதலிடம் இன்றும் இந்தியாவுக்குத்தான். 1888 ஏப்ரல் 30-ம் தேதி உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் அருகே 246 பேரை ஆலங்கட்டி கொன்றது. 2017-ல் உலக வானிலை அமைப்பு இதை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்தது. இறந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தலைக்கு மேல் கூரை இருந்திருக்காது. நமக்கு இருக்கிறது. அதற்கு என்ன ஆகும் என்பதுதான் நம் கவலை.

கேரவனின் கூரை சாதாரண காரின் கூரை அல்ல. பலவற்றில் அது ஃபைபர் கிளாஸ், அல்லது மெல்லிய அலுமினியத் தகடு. அதன்மேல் காற்றுப்போக்கி, வெளிச்சத்துக்கான அக்ரிலிக் குவிமூடி, ஏசியின் பிளாஸ்டிக் உறை, சோலார் பலகை, பக்கவாட்டில் துணிப் பந்தல். தகரத்தில் விழுந்த குழியை டிங்கர் வேலைக்காரர் தட்டி எடுத்துவிடுவார். ஃபைபரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழுந்தால், அன்று ஒன்றும் ஆகாது. ஜூலை மழையில் அதன் வழியே தண்ணீர் இறங்கி உள்ளே பிளைவுட் ஊறும்போதுதான் தெரியவரும். என் தாத்தாவின் கூண்டு வண்டிக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. மூங்கில் வளைவின்மேல் பாய் போட்ட கூண்டு, கல் பட்டால் அமுங்கித் திரும்பி எழும். வளைந்து கொடுப்பது உடையாது என்ற பழைய பாடம்தான். இன்று கேரவன்காரர்கள் செய்துகொள்ளக்கூடிய பாதுகாப்புகளில் பெரும்பாலானவை அந்தப் பாயின் பேரப்பிள்ளைகள்.

முதல் பாதுகாப்பு கடிகாரம். தக்காணத்தில் கோடைக் கல்மழை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையில் வருவது. விடியற்காலையில் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடுகிறவருக்குப் பாதி ஆபத்து கழிந்தது. வட இந்தியாவுக்குப் போகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சிலேயே கவனிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2014-ல் வயல்களை வெள்ளையாக்கிய கல்மழை பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் பெய்ததுதான். வங்காளத்தில் கால்பைசாகி, அசாமில் பர்தோய்சிலா என்று செல்லப் பெயர் வைத்து அழைக்கும் கோடைப் புயல்களும் கல்லோடுதான் வரும்.

இரண்டாவது, தகவல். இந்திய வானிலைத் துறை மாவட்டவாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கை வெளியிடுகிறது. 'மௌசம்' செயலியில் பார்க்கலாம். மின்னலுக்கு 'தாமினி'. பெங்களூர் நகருக்குள் என்றால் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து உருவாக்கிய 'மேகசந்தேசா' இருக்கிறது. காளிதாசனின் பெயரை நினைவூட்டினாலும், அது சொல்வது விரகம் அல்ல, வெள்ளம். இவற்றை எல்லாம் தம்பியும் போனில் வைத்திருந்தான். திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, உயரம். வண்டியின் மொத்த உயரத்தை, கூரைமேல் இருக்கும் ஏசியையும் சேர்த்து அளந்து, ஸ்டீயரிங்குக்கு எதிரே கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். கல் விழும்போது அளவு நாடாவைத் தேட முடியாது. தாழ்ந்த போர்டிகோவுக்குள் அவசரமாக நுழைந்து, ஆலங்கட்டி விட்டுவைத்த ஏசியை நாமே பெயர்த்துவிடக் கூடாது. பெரிய வண்டிக்கு ஏற்ற கூரைகள் நெடுஞ்சாலையில் உண்டு: பெட்ரோல் பங்க், ஏ.பி.எம்.சி. சந்தைகளின் ஏலக் கொட்டகை, சில கல்யாண மண்டபங்களின் முகப்பு. தங்கும் இடத்தை முடிவு செய்யும்போதே பக்கத்தில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மரம் கூரை அல்ல. அதுவும் பெங்களூரில். கோடையின் முதல் காற்றுக்கே குல்மோகரும் தூங்குமூஞ்சி மரமும் கிளை கிளையாக வண்டிகள்மேல் சாயும் ஊர் இது. கல்லுக்குப் பயந்து கிளைக்கு அடியில் நிற்பது எண்ணெய்ச் சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்த கதை.

நாலாவது, போர்வை. கூரை மூடிகள், சோலார் பலகை இரண்டின் அளவுக்கும் கனமான ஃபோம் வெட்டி, ரெக்சினில் தைத்து, கட்டுக் கயிற்றோடு வைத்துக்கொள்ளலாம். தைக்க ஆகும் செலவு ஒரு மூடியின் விலையைவிடக் குறைவு. இரவு தங்கும்போது வானம் சரியில்லை என்றால் கட்டிவிட்டுத் தூங்கலாம். பழைய ஜமக்காளம், ரஜாய் எல்லாமே உதவும். ஆனால் கல்லுக்கு முன்னால் காற்று வரும் என்பதை நினைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். கல் விழ ஆரம்பித்த பிறகு கூரைமேல் ஏறுகிற வீரம் மட்டும் கூடாது. மண்டைக்கு உதிரி பாகம் கிடைக்காது.

சாலையில் மாட்டிக்கொண்டால்? வேகத்தைக் குறைத்து, விளக்கைப் போட்டு, சாலையை விட்டு நன்றாக இடதுபுறம் ஒதுங்கி நில்லுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற வண்டியின் கண்ணாடி தானே போய்க் கல்லை முட்டுகிறது. நிற்கிற வண்டியின் கண்ணாடியைக் கல் பெரும்பாலும் உரசிக்கொண்டு விழும். முடிந்தால் வண்டியின் முகம் காற்றைப் பார்த்திருக்கட்டும். முன் கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி, உடைந்தாலும் உதிராது. பக்கத்து ஜன்னல்களுக்கு அந்த வலு இல்லை. திரைகளை இழுத்துவிட்டு, குழந்தைகளை ஜன்னலுக்கும் கூரை மூடிக்கும் தள்ளி உட்கார வையுங்கள். துணிப் பந்தலை முன்பே சுருட்டியிருக்க வேண்டும். வெளி மின் இணைப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். இன்னொன்று: இரும்புக் கூடுள்ள கார் மின்னலிலிருந்து காப்பாற்றும் என்பது உண்மை, ஃபைபர் உடம்புள்ள கேரவனுக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது. பக்கத்தில் கட்டடம் இருந்தால் வண்டியை விட்டுவிட்டு அதற்குள் போவதே மேல். ஆனால் கல் விழுந்துகொண்டிருக்கும்போது இறங்கி ஓடாதீர்கள். கல்மழை அகலம் குறைந்த பட்டையாகப் பெய்வது. பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடத்தில் கடந்துவிடும். காத்திருக்கத் தெரிந்தவன் கெட்டிக்காரன்.

இனி, அந்தப் பாலத்தடிக்கு வருகிறேன். 2023 மே 21-ம் தேதி, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான், பெங்களூரில் காற்றும் மழையும் ஆலங்கட்டியும் சேர்ந்து அடித்தன. விதான சௌதாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் தேங்கிய வெள்ளத்தில் ஒரு கார் சிக்கியது. குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்த 22 வயது மென்பொருள் பொறியாளர் பெண் அதில் மூழ்கி இறந்தார். கூட வந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அவர்கள் ஆலங்கட்டிக்கு ஒதுங்கி அங்கே போனவர்கள் அல்ல; வழியில் போனவர்கள். ஆனால் அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து தாழ்ந்து இறங்கும் எந்தப் பாதையும் எனக்குக் கூரையாகத் தெரிவதில்லை, கிணறாகத்தான் தெரிகிறது. கல்மழை நாளில் அது இன்னும் மோசமான கிணறு. உதிர்ந்த இலையும் ஆலங்கட்டியும் சேர்ந்து சாக்கடைக் கம்பிகளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் போக வழியிருக்காது. மேம்பாலத்துக்கு அடியில், தரை மட்டத்தில் ஒதுங்குகிறவர்களும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் வருகிற லாரிக்கு மழையில் அவர்கள் தெரிவதில்லை. கேரவனின் கூரை நம் தலையைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது. கூரையைக் காப்பாற்றத் தலையைப் பணயம் வைப்பது கணக்குத் தெரியாத வியாபாரம்.

கூரைக்கு என்ன ஆனாலும் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, படித்துப் பார்த்தால். வண்டியின் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழு பாலிசியில் வெள்ளம், புயல், சூறாவளி வரிசையில் கல்மழை என்ற சொல்லும் இருக்கிறது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால் ஒரு காசும் வராது. முழு பாலிசியிலும் ஒரு கழித்தல் உண்டு: கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை, ஃபைபர் கிளாஸ் பாகத்துக்கு 30 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதம். காருக்கு இது சின்னக் கழிவு. உடம்பே ஃபைபரும் பிளாஸ்டிக்குமான கேரவனுக்கு இது பெரிய ஓட்டை. கூடுதல் பிரீமியம் கட்டித் தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்தால் அடையும். பிறகு பொருத்திய சோலார் பலகை, ஏசி போன்றவற்றைத் தனியாக எழுதிக் கொடுத்துச் சேர்த்திருக்க வேண்டும். தம்பி சேர்க்கவில்லை. மூடிக்குப் பாதி கிடைத்தது, பலகைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் அவன் யாரையும் குறை சொல்ல இடமில்லை. கையெழுத்துப் போட்ட தாளைப் படிக்காதது அவன்தான்.

வேன் வாங்கித் தாங்களே கேரவனாக மாற்றுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. ஆர்.சி. புத்தகத்தில் ஒன்றும் சாலையில் வேறொன்றுமாக வண்டி இருந்தால், இழப்பீடு கேட்கும் நாளில்தான் அந்த வித்தியாசம் பேச ஆரம்பிக்கும். சேதம் நேர்ந்ததும் சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள். கல்லின் அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவும் தெரியும். கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும் வரை ரிப்பேரில் கை வைக்காதீர்கள்; மழை உள்ளே வராமல் ஒரு தார்பாலின் போதும். சின்னச் சேதம் என்றால், இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் பிரீமியச் சலுகை போய்விடுமே என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுகிற சலுகை.

அன்று பெட்ரோல் பங்க்கில் நாங்கள் இப்படித்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். கல் நின்று, தூறல் மட்டும் இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் தலையில் கோணிப் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பகுதியில் பலரைப்போல் அவருக்கும் வீட்டில் தெலுங்கு, வெளியே கன்னடம். தம்பியின் போனைப் பார்த்து, "சார், உங்கள் போனில் படம் நன்றாக விழும்போலிருக்கிறதே. என் தோட்டத்தையும் இரண்டு எடுத்துத் தருகிறீர்களா?" என்று கேட்டார். போனோம்.

திராட்சைப் பந்தல். சிக்கபள்ளாபூர் வட்டாரத்தில் பெயர்பெற்ற தில்குஷ் ரகம். கற்கால்களின்மேல் கம்பி இழுத்த பந்தலில் இலை என்று ஒன்று முழுதாக இல்லை, சல்லடை. குலைகள் இன்னும் பத்து நாளில் வெட்டுகிற பக்குவம். கீழே பழமும் கல்லும் கலந்து கிடந்தன. தொங்கிய குலைகளில் பழங்கள் வெடித்திருந்தன. வெடித்த பழம் மறுநாள் அழுகும். பக்கத்துப் பழத்தையும் அழுக வைக்கும். இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டேன். போன வருஷம் கட்டினாராம், ஒன்றும் ஆகவில்லை, இந்த வருஷம் விட்டுவிட்டார். "பின்னே படம் எதற்கு?" என்று தம்பி கேட்டுவிட்டான். "கடன் கொடுத்தவருக்குக் காட்ட வேண்டாமா?" என்றார் அவர்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி 'உள்ளூர்ப் பேரிடர்' வகை: பாதிக்கப்பட்டவர் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் அவருடைய நிலத்தைத் தனியாக வந்து பார்க்க வேண்டும். ஆனால் பழப்பயிர்களுக்குப் பல இடங்களில் இருப்பது வானிலை அடிப்படையிலான வேறொரு திட்டம். மழைமானியும் வெப்பமானியும் காட்டும் எண்ணுக்கு அது பணம் தரும். ஒரு தோட்டத்தில் விழுந்து அடுத்த தோட்டத்தை விட்டுவிடும் கல் எந்த மானியிலும் பதியாது. அதற்குத் தனிச் சேர்ப்பு எடுத்திருக்க வேண்டும். கேரவன்காரனுக்குச் சொன்ன அதே புத்திமதிதான். ஆனால் அவன் தொலைத்தது ஒரு பலகை, இவர் தொலைத்தது ஒரு வருஷம்.

கல்மழையைத் தடுக்கவே முடியாதா என்று மனிதன் முயன்றும் பார்த்திருக்கிறான். 1896-ல் ஆஸ்திரியாவில் ஆல்பர்ட் ஸ்டைகர் என்பவர் மேகத்தைப் பார்த்துச் சுடும் பீரங்கி செய்தார். அவரும் தம் திராட்சைத் தோட்டத்தைக் காப்பாற்றத்தான் செய்தார். சத்தத்தால் கல் சிதறும் என்பதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்பது உலக வானிலை அமைப்பின் கருத்து. ஆனாலும் பீரங்கிகள் வாழ்கின்றன. ஹிமாசலத்தின் ஆப்பிள் தோட்டங்களுக்கும் வந்தன. 2018-ல் மெக்சிகோவின் புவெப்லாவில் ஒரு விசித்திரம் நடந்தது. திறந்தவெளியில் நிறுத்திய புதுக் கார்களைக் காப்பாற்ற வோக்ஸ்வாகன் ஆலை இந்தப் பீரங்கிகளை வைத்தது. சுற்றுவட்டார விவசாயிகள், மழையே வராமல் துரத்துகிறீர்கள் என்று போர்க்கொடி தூக்கினார்கள். பீரங்கியால் மழை போனதா என்பது வேறு விஷயம். கடைசியில் கம்பெனி கார்களுக்கு மேல் வலை கட்டுவதாகச் சொல்ல வேண்டிவந்தது. அதே வலையைத்தான் ஹிமாசல ஆப்பிள்காரர்கள் அரசு மானியத்தில் மரங்களுக்கு மேல் கட்டுகிறார்கள். காருக்கும் பழத்துக்கும் கடைசியில் உதவுவது ஒன்றுதான்: மேலே வளைந்துகொடுக்கும் ஏதோ ஒன்று. சிக்கபள்ளாபூரின் பந்தலுக்கு ஏற்கெனவே கல்லும் கம்பியும் நிற்கிறது, வலைதான் பாக்கி. அதன் விலையைக் கேட்டால் சிறு விவசாயி சிரிக்கிறார்.

மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபம் பார்த்திருப்பீர்கள். இந்திரன் ஏவிய கன்மாரிக்குக் கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்த கதை, ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம். ஹளேபீடுவில் ஹொய்சளர்களும் அதையே செதுக்கியிருக்கிறார்கள். தம்பியின் கேரவன் முதலில் போன ஊர் அது. மாமல்லபுரத்துச் சிற்பி ஒரு மூலையில், குடைக்கு அடியில், ஒருவன் நிதானமாகப் பால் கறப்பதைக் காட்டியிருக்கிறான். பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. மேலே கல் விழுகிறதென்று அந்தப் பசுவுக்குத் தெரியாது. குடை எல்லாருக்கும் சேர்த்துப் பிடிக்கப்பட்டது.

அன்று கிளம்பும்போது திராட்சைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய, உடையாத பழமாகப் பொறுக்கிக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார். தம்பி பணம் கொடுத்தான். வாங்க மறுத்தவர், பிறகு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் தம்பி செய்த முதல் காரியம், அந்தப் படங்களைத் தேதியும் நேரமும் தெரியும்படி அவருடைய போனுக்கு அனுப்பியது. கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய சொந்தப் படங்கள் மறுநாள்தான் போயின. கூரைக்கு ஃபோம் உறை இந்த முறை தைத்துவிட்டான். மகள் அதற்கு 'கண்ணன் குடை' என்று பெயர் வைத்திருக்கிறாள். வண்டிக்குக் குடை வந்துவிட்டது. பந்தலுக்கு இன்னும் வரவில்லை.